ஏழாம் இலக்கப் போத்தல்

மணம்தான் முதலில் வந்தது.
மல்லாவிச் சந்தியில் பெற்றோல் அடித்து
அனிஞ்சியன்குளத்துப் பக்கம் திரும்பி
வயல் வரம்பில் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கும்போதே
காற்றில் இருந்தது அது.
கன்று போட்டு நாற்பது நாளான பசு.

இளங்கொடி இரண்டு நாள் தொங்கியதாம்.
யாரோ இழுத்திருக்கிறார்கள்.
"நான் இல்லை மிஸ்" என்றாள் தவமலர்,
நான் கேட்காமலே.

வாலில் காய்ந்த சீழ்.
கையுறையைத் தோள்வரை ஏற்றி உள்ளே போனேன்.
அந்த இருட்டில் விரல்தான் கண்.
சுருங்கி அடங்கியிருக்க வேண்டிய பை
மழையில் விட்ட சாக்குப்போல் கனத்துக் கிடந்தது.

முதல் ஊசிக்கு ஐந்து நாள் பால் நிலத்தில்.
இரண்டாவதுக்கும் அப்படியே.
சேகரிப்பு நிலையத்துப் பையன்
குச்சியொன்றைத் தோய்த்துப் பார்த்து
"மருந்து நிக்குது அக்கா" என்று கானைத் திருப்பிக் கொடுக்க,
கொண்டுவந்து வேலிக் கிளுவைக்கு ஊற்றினாளாம்.
கொஞ்சம் நாய் குடித்தது.
கன்று கத்தியது.

ஆய்வுகூடத்துத் தாள் என் பையில்:
ஐந்து மருந்தின் பெயர்.
நான்குக்கு நேரே மசியாது என்று போட்டிருந்தது.
ஐந்தாவது மனிதருக்கென்று வைத்திருப்பது.
கேட்டாலும் தரமாட்டார்கள்,
தரவும் கூடாது.

எல்லாரையும் எழுப்பி அனுப்பிய காணியில்
முதலில் வந்து குந்துவது யார்?
இந்த மண்ணுக்கு அதை நான் சொல்லத் தேவையில்லை.
பார்த்தீனியத்தைப் பிடுங்கி எரித்த தரையில்
அடுத்த மழைக்குப் பார்த்தீனியமே வந்தது.
உழுந்து மூடிய துண்டில் மட்டும்
அதற்குக் கால் வைக்க இடமில்லாமல் போயிற்று.

பெட்டியைத் திறந்தேன். ஐஸ் பாதி தண்ணீர்.
பன்னிரண்டு போத்தல்.
ஆறில், சுகமான பசுக்களிடமிருந்து எடுத்து வளர்த்த உயிர்கள்,
உறைமோருக்குள் வாழுகிற கூட்டத்தின் சொந்தக்காரர்.
மற்ற ஆறில் வெறும் உப்புத்தண்ணீர்.
எது எதில் என்பது எனக்கும் மறைப்பு.
இலக்கம் மட்டும்: ஏழு.

"இதுக்குள்ள என்ன?"
"கிருமி" என்றேன்.
கயிற்றை இறுக்கினாள்.
"கிருமிக்குக் கிருமியோ?"
"இருக்கலாம். உப்புத்தண்ணியாயும் இருக்கலாம்.
எனக்கே தெரியாது."
பத்து வருஷ உத்தியோகத்தில்
இவ்வளவு உண்மையை ஒரு பட்டியில் நின்று நான் சொன்னதில்லை.

"அப்ப பால்?"
"ஊத்தத் தேவையில்லை. குடுக்கலாம்."
அதற்குமேல் கேட்கவில்லை. வாலைப் பிடித்தாள்.

குழாய் கழுத்தின் வளையங்களை
ஒவ்வொன்றாய்த் தாண்ட
பசு ஒருமுறை முதுகை வளைத்தது.
மெல்ல அழுத்தினேன்.
போய் இருங்கள். இடம் பிடியுங்கள்.
உப்பாயிருந்தால், பெண்ணே, மன்னித்துக்கொள்.

கையுறையைக் கழற்றும்போதுதான் கேட்டாள்,
பசுவின் முதுகைப் பார்த்தபடி:
"மனிசருக்கும் இப்பிடி ஏதும் வந்திருக்கோ மிஸ்?
எனக்கு நாலாந்தரமும் அதே குளிசைதான் தந்தவை."

வாளித் தண்ணீரில் கை கழுவினேன்.
கழுவிய கையைத் திரும்பவும் கழுவினேன்.
கிளிநொச்சியில் எனக்குத் தெரிந்த
ஒரு பெண் டொக்டரின் இலக்கத்தை
அவளுடைய போனில் அடித்துக் கொடுத்தேன்.
என்ன பெயரில் பதிய என்று கேட்டதற்கு
"மாடு என்று போடுங்கோ" என்றாள்.
இருவரும் சிரித்தோம். பிறகு சிரிக்கவில்லை.

இருபத்திமூன்றாம் நாள் போனேன்.
மணமில்லை.
பாலை மரத்தடியில் பசு
இன்னொரு பசுவின்மேல் தாவிக்கொண்டிருந்தது.
வாலடியில் கண்ணாடி நூல்போல் தெளிந்த கோழை
வெயிலில் ஆடியது.

முத்திரையிட்ட உறையைத் திறப்பது ஆவணியில்.
ஏழில் இருந்தது என்னவென்று
தவமலர் எடுக்கும்போதெல்லாம் கேட்கிறாள்.
அது இரண்டாவது கேள்வி.
முதலாவது, நாம்பனோடு விடுவதா
ஊசி போடுவதா என்று.