வெயில் வரவு

மூன்று கிலோவாட், ஒன்று தொண்ணூற்றைந்து.
மானியம் எழுபத்தெட்டு போக
மிச்சம் ஒரு லட்சத்துப் பதினேழாயிரம்.
"நாலு வருசம் நாலு மாசத்துல போட்ட காசு வந்துரும்க்கா,
அப்புறம் வெயிலு பூரா ஒங்களுக்குத்தேன்" என்றான்
பேனல் மாட்டவந்த இம்மானுவேல்,
விளாங்குடியின் உச்சிப்பொழுதில்
என் மொட்டைமாடியை டேப்பால் அளந்தபடி.

அவன் கணக்கில் வட்டி இல்லை.
கூட்டுறவு வங்கியில் என் மூன்று பவுன் சங்கிலி
காக்கி உறைக்குள் போய்ப் படுத்ததும்
நாலு என்பது ஆறாயிற்று.
கழுத்தில் கிடந்தது மாடிக்கு ஏறி
காலை பத்து மணிக்குக் கண்ணைப் பறிக்கிறது.

இரண்டு மாசத்துக்கு ஐயாயிரம் கட்டிய வீடு.
ஏசி எதற்கு என்பவர்கள்
சித்திரையில் ஒரு ராத்திரி
எங்கள் காங்கிரீட்டுக்குக் கீழே படுத்துப் பார்க்கட்டும்.
இப்போது ஐந்நூறு.
போனில் வந்த அந்தச் செய்தியை
டீக்கடையில் மூன்று பேரிடம் காட்டிவிட்டார் தனுஷ்கோடி.
வட்டியைக் காட்டவில்லை.

ஆனாலும் பகலில் கரண்ட் போனால்
எங்களுக்கும் போகும்.
லைன் செத்தால் பேனலும் சாகிற ஏற்பாடு.
எதிர்வீட்டு ஜெயக்கொடி
காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டு கேட்கிறாள்:
"லட்ச ரூவாச் சூரியன மாடியில வச்சுக்கிட்டு
நீயும் எங்கள மாதிரி வேர்த்து நிக்கிறியேடி?"
பதில் நீளம். சிரித்துவைத்தேன்.

நாற்பது வருஷமாக இந்த வெயிலைத் திட்டிய வாய்.
இன்று மேகம் கூடினால் மாடிக்கு ஓடுகிறேன்,
காயப்போட்ட துணிக்காக அல்ல.

ஐப்பசியில் நாலு நாள் அடைமழை.
வைகையில் தண்ணி வருதென்று
ஊரே கல்பாலத்தில் நின்றது.
நான் போனைப் பார்த்து நின்றேன்:
ஒன்று புள்ளி மூன்று யூனிட்.
'விட்டாத் தேவல' என்று
வாயில் வந்துவிட்டது.
குடம் பத்து ரூபாய்க்கு
லாரித் தண்ணீர் வாங்கிய தெருவில்
நின்றுகொண்டு சொன்னேன் அதை.
யாருக்கும் கேட்கவில்லை.
எனக்குக் கேட்டது.

ஐந்தாம் நாள் விடிய மேலே போனேன்.
புறா எச்சம் இல்லை,
நாலுவழிச்சாலைப் புழுதி இல்லை.
கண்ணாடியில் வானம் அப்படியே கிடந்தது.
நான் கழுவியிருந்தால் இரண்டு வாளி ஆகும்.

இறங்கிவந்து நோட்டைப் பிரித்தேன்.
பற்றில் நாலு நாள் எழுதினேன்.
வரவில், கொஞ்சம் யோசித்து,
தண்ணீர், வாளி இரண்டு.