வடி

செக்காலை ரோட்டில் டயர்க் கடைக்கு மேலே
என் அலுவலகம். ஒரு மேசை, ஒரு இன்வெர்ட்டர்.
கீழே கம்ப்ரசர் ஓடும்போதெல்லாம்
டம்ளர் தண்ணீரில் வட்டம் விழும்.
அங்கே உட்கார்ந்துதான்
சுருக்கிய வீடியோவை விரிக்கும் நிரலுக்கு
வாசல் வைத்தேன்.

முதல் வரைவு சின்னது. எனக்கு அதில் கர்வம்.
ஒரே ஒரு ஃபங்ஷன்:
பாக்கெட்டைக் கொடு, படத்தை வாங்கு.
படம் வராவிட்டால் 'இல்லை' என்று சொல்லும்.
உமையாள் படித்தாள்.
தேவகோட்டை பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்தவள்
பாதிப் படியில் நின்று சொன்னாள்:
"அழகா இருக்கு. அதான் பயமா இருக்கு."

ஆடியில் பள்ளத்தூரிலிருந்து புகார்.
பெயர்: அழகம்மை.
பொருள்: வீடியோ சீக்கிரம் முடிகிறது.

*பின்வாசல் கேமரா. நாற்பத்தொரு நொடி.
என் தம்பி பெட்டியோடு வெளியே போகிறான்.
கடைசியில் திரும்பினான், நான் மாடியிலிருந்து பார்த்தேன்.
உங்கள் வீடியோவில் திரும்பவே இல்லை.
பாகம் பிரித்த நாள் அது.
பதில் போடவும்.*

நேரில் போனேன்.
முன்வாசல் ஒரு தெரு, பின்வாசல் அடுத்த தெரு.
நடுவில் கதவுக்குள் கதவுக்குள் கதவு.
முன்னால் நுழைந்த சிலிண்டர்க்காரர்
பின்னால் எப்போது வெளிப்படுவார் என்று
நுழைந்த நேரத்தை வைத்துச் சொல்ல முடியாது;
யாராவது காபி கொடுத்திருக்கலாம்.
அவருக்குப் பின் நுழைந்த நாய்
அவருக்கு முன்னே தெருவில் நிற்கும்.

கேமரா மலிவு. நொடிக்கு நான்கே படம்.
இடத்தை மிச்சம் பிடிக்க
முன்னும் பின்னும் பார்த்துச் சுருக்குகிற ரகம்.
இப்போதைய படத்தை வரைய
அடுத்த படம் முதலில் கைக்கு வரவேண்டும்.
அதனால் டீகோடர் வந்தவரை உட்காரவைக்கிறது,
வரிசை கூடியதும் அனுப்புகிறது.
அது சோம்பல் இல்லை,
அதன் வேலையே அதுதான்.

பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போதுதான் உறைத்தது.
பக்கத்து மளிகைக் கடையில் ஒருவர் பனங்கற்கண்டு கேட்டார்.
"நாளைக்கு வந்துரும்" என்றார் கடைக்காரர்.
'இல்லை' என்று சொல்லவில்லை.
என் ஃபங்ஷன் சொல்கிறது.
இன்னும் இல்லை என்பதற்கும்
இனி இல்லை என்பதற்கும்
ஒரே வெறும் 'இல்லை'.
கேட்டவர் இரண்டாவது என்று எடுத்துக்கொண்டு
விளக்கணைத்துப் போயிருக்கிறார்.
உள்ளே மூன்று படம் உட்கார்ந்திருக்கிறது.

பிரித்து எழுதினேன். கொடுக்க ஒன்று, வாங்க ஒன்று,
இரண்டுக்கும் அவரவர் நேரம்.
கொடுப்பவர் 'அவ்வளவுதான்' என்று சொன்ன பிறகும்
வாங்குபவர் கையை நீட்டியபடியே நிற்கவேண்டும்,
உள்ளிருந்து ஒரு 'அவ்வளவுதான்' வரும்வரை.
மிச்சத்தை வெளியே எடுப்பதற்கு
'கழுவிவிடு' என்று பெயர் வைத்திருந்தேன்.
உமையாள் அடித்தாள்.
உள்ளே ஆள் இருக்கும்போது கழுவிவிடுவாங்களா?
சோறு வடிக்கிற 'வடி'யைப் போட்டாள்.

ஒரு வாரம் சண்டை, பெயருக்காக இல்லை,
பழைய ஃபங்ஷனை எடுத்துவிடலாமா என்று.
சிங்கம்புணரியில் ஒரு திருமண மண்டபம்
இன்னும் அதைத்தான் கூப்பிடுகிறது.
விட்டுவைத்தோம்.
மேலே ஒரு எச்சரிக்கை எழுதினோம், யாரும் படிக்கப்போவதில்லை.

வெள்ளிக்கிழமை அழகம்மையின் போனில் ஓட்டினோம்.
நாற்பத்தொரு நொடி, அப்புறம் முக்கால்.
முதல் படத்தில் தோள்.
அடுத்ததில் பாதி முகம், வெயிலில் வெளிறி.
மூன்றாவதில் முழுதாகத் திரும்பியிருந்தார்,
ஆனால் கண் மாடியில் இல்லை.
கேட்டின் தாழ்ப்பாளில் இருந்தது.

மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடினேன்.
என் நிரலில் தவறில்லை, இருந்தும் தேடினேன்.
அவர் கட்டைவிரலால்
அந்த மூன்று படத்தையும் முன்னுக்கும் பின்னுக்கும்
நகர்த்திக்கொண்டே இருந்தார்.
போன் சார்ஜ் ஆறு சதவீதம் என்றது.

"அந்தத் தாழ்ப்பாள் ஒருதரம் போட்டா விழாது"
என்றார். "அவனுக்குத் தெரியும்."