செவுள்

தடைக்காலம். குளச்சலில் விசைப்படகுகள்
கரையேறிக் கிடந்த ஆடி மாத மத்தியானம்
மழை விட்டுவிட்டுத் தகரத்தில் விழ
ஆட்டோவில் வந்திறங்கினாள் யூப்ரேசியா,
துறையில் மீன் ஏலம் விளிக்கிறவள்.
கையில் நீளப் பெட்டி.
நான்கு கொக்கியில் இரண்டு இல்லை,
மூன்றாவதற்குப் பதில் தூண்டில் நரம்பு.

"இதுக்கு எவ்வளவு மதிப்பிய?"

நான் ஆம்ப்ளிஃபயர் பழுது பார்க்கிறவன்.
ஆனாலும் மார்த்தாண்டம் முதல் முட்டம் வரை
எந்தக் கோயில் பாட்டுக்குழுவிலும்
பழைய எலக்ட்ரிக் கித்தார் விலைக்கு வந்தால்
என்னிடம் வந்துதான் போகும்.
வாங்குகிறவர் பெங்களூரில் இருக்கிறார்.
போனில் அவருக்கு ஒரே கேள்வி:
"எல்லாம் ஒரிஜினலா?"

எதற்கு விற்கிறாள் என்று கேட்கவில்லை.
அது மதிப்பீட்டில் சேராது.

துண்டு விரித்துக் கவிழ்த்துப் போட்டேன்.
கழுத்துத் திருகுகளில்
யாரோ அவசரத்தில் நழுவவிட்ட தழும்பு.
கழற்றினால், மூட்டின் பள்ளத்தில்
பென்சிலில் பாதி அழிந்த தேதி:
அறுபத்தாறு, அக்டோபர்.
வால்யூம் திருகியின் முதுகில் குத்திய எண்ணோ
அதே வருஷம், முப்பத்திரண்டாம் வாரம்.
ஆகஸ்டில் செய்த பாகம்
அக்டோபர் கழுத்துக்குக் கீழே.
சரிதான். பொய் சொல்கிறவன்
இவ்வளவு சிறிய இடைவெளி விடமாட்டான்.

பழைய ஈயம் மங்கிக் கிடந்தது,
நடு பிக்கப்பில் மட்டும் பளபளப்பு.
மீட்டரை வைத்தேன்.
இரண்டு பக்கமும் ஐந்தே முக்கால் கிலோ ஓம்,
நடுவில் மூன்றைத் தாண்டவில்லை.
"இது மாத்தியிருக்கு."

"மாத்தல்ல, சுத்துனது.
உப்புக்காத்துல கம்பி அத்துப்போச்சு.
ஹார்பர்ல மோட்டார் காயில் சுத்துன டொனாட்டஸ்
ஒத்த மத்தியானத்துல சுத்தித் தந்தான்.
அன்னைக்கு ராத்திரி தேர்.
ஒரிஜினல் வரட்டும்னு
தேர நிப்பாட்ட முடியுமா?"

எழுபதாயிரம் கழித்தேன்.

ஷட்டரைப் பாதி இறக்கி
கள்ளநோட்டு பார்க்கும் ஊதா விளக்கைப் பிடித்தேன்.
பழைய வார்னிஷ் பாசிப்பச்சையாய் மினுங்கியது,
ஓரத்தில் கையகலத்துக்கு மட்டும் இருட்டு.
பிறகு பூசிய இடம்.

இருட்டுக்குள் அவள் குரல்:
"செவுளத் தூக்கிப் பாக்கிய."
"ஆமா."
"செவப்பா இருக்கா?"
"இருக்கு. ஓரத்துல ஐஸ் பட்டிருக்கு."
சிரித்தாள். தொழில் தெரிந்தவள்
இன்னொரு தொழிலைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு.

விளக்கைப் போட்டபிறகுதான் கவனித்தேன்.
இத்தனை வருஷக் கித்தாரின் முதுகில்
பெல்ட் பட்டை உரசிய கீறல் ஒன்றுமில்லை.
முன்பக்கம், வலது கை படிகிற இடத்தில்
பிறை பிறையாய் நூறு மெல்லிய கோடுகள்.
நகமில்லை. பிளெக்ட்ரமும் இவ்வளவு மேலே வராது.

அவள் மணிக்கட்டைப் பார்த்தேன்.
அவள் மழையைப் பார்த்தாள்.

"கப்பல்ல இருந்து அவருதான் கொண்டுவந்தாரு.
வந்து பதினெட்டு வருஷம் வீட்ல இருந்தாரு,
ஒரு கார்டு பிடிக்கத் தெரியாது அவருக்கு.
கண்ணாடி வளையல். டஜன் நாலு ரூவா.
அதுக்கு எவ்வளவு கழிப்பிய?"

"இருபதாயிரம்."

"ஒடஞ்ச வளையலுக்க காசும் சேத்துக் கழியும்."

சிரிக்காமல் சொன்னாள்.
ஐந்தரை லட்சம் என்று எழுதிக்கொண்டிருந்தேன்,
"ஆறு" என்றாள் துறையில் விளிக்கிற அதே குரலில்.
என் பேனா தானாக நின்றது.

பெங்களூருக்குப் போன் அடித்துக்கொண்டிருக்கிறது.
அவர் எடுப்பதற்குள்
சத்தம் வருகிறதா என்று பார்க்க
ஆம்ப்ளிஃபயரில் வயரைச் சொருகினேன்.
கித்தாரை நான் எடுக்கும் முன்பே
அது அவள் மடியில் இருந்தது.

வலது கையிலிருந்த இரண்டு வளையலையும்
ஒவ்வொன்றாய்க் கழற்றி
என் மீட்டரின் மேல் வைத்தாள்.
"இனி கீறல் விழப்பிடாது" என்றாள்,
"இருபதாயிரம்லா."