ஊதாவில் பதினொன்று

போன வருஷம் பேனாவால் வட்டத்தைக் கறுப்பாக்கினேன்.
இந்த வருஷம் மவுஸ்.
கல்லலில் முத்துராக்கு அண்ணன் ஜெராக்ஸ் கடையில்
மணிக்கு முப்பது ரூபாய் கொடுத்துப் பழகியது.
அங்கே இடது பொத்தான் ஒட்டிக்கொள்ளும்,
ஓங்கி அமுக்கினால்தான் கேட்கும்.
இங்கே தொட்டாலே போதும் என்று
யாரும் சொல்லவில்லை.
முதல் கேள்விக்கு நான் அமுக்கிய சத்தத்தில்
பக்கத்துப் பெண் திரும்பிப் பார்த்தாள்.

அது பிறகு. முதலில் வாசல்.

காரைக்குடியில் இறங்கி, இன்னொரு பேருந்து ஏறி,
தைலமரக் காட்டுக்கு நடுவே ஒரு பொறியியல் கல்லூரி.
முழுக்கை கூடாது என்றார்கள்.
அம்மாவின் பையில் கத்தரிக்கோல் இருந்தது,
மாவு பாக்கெட் வெட்டுவது.
தையல் ஓடுகிற இடமாகப் பார்த்து வெட்டினாள்,
திருப்பித் தைக்கலாம் என்று.

கட்டைவிரலை வை என்றார்கள். வைத்தேன்.
சிவப்பு.
துடைத்துவிட்டு வை.
சிவப்பு.
நாலு வருஷமாகத் தேன்குழல் பாக்கெட்டுக்குச்
சூட்டுக் கம்பியில் வாய் ஒட்டுகிற விரல்.
ரேகையெல்லாம் யார் யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ
சீர்ப் பலகாரத்தோடு போய்விட்டது.
பின்னால் வரிசை உச்சுக்கொட்டியது.
காக்கிச் சட்டைக்கார அக்கா சொன்னாள்,
"தலையில தேய்ச்சிட்டு வை பாப்பா."
தேய்த்தேன்.
விடியலில் அம்மா வழிய வழிய வைத்த எண்ணெய்,
வேண்டாம் வேண்டாம் என்று நான் கத்திய எண்ணெய்.
பச்சை.

உள்ளேயும் நிறங்கள்தான்.
விடை தந்தால் பச்சை, தராமல் போனால் சிவப்பு,
இன்னும் பார்க்காதது சாம்பல்,
பிறகு பார்க்கலாம் என்றால் ஊதா.
தவளையின் இதயத்துக்கு மூன்று அறை. பச்சை.
சாய்தளத்தில் உருளும் உருளை
தெரிந்த மாதிரி இருந்தது,
தெரிந்த மாதிரியேதான் இருந்தது. ஊதா.

ஒன்றேகால் மணி நேரம் மிச்சமிருந்தபோது
கரண்ட் போனது.
ஏசியின் முனகல் நின்றது,
எங்கள் வரிசைத் திரைகள் மட்டும் கறுத்தன.
"யாரும் எந்திரிக்கக் கூடாது" என்று கத்தியவர்தான்
முதலில் ஓடினார்.

கறுத்த திரையில் ஒரு முகம்.
பொட்டு பாதி அழிந்து, வாய் லேசாகத் திறந்து.
காலையிலிருந்து அதை நான் பார்க்கவேயில்லை.
பக்கத்துத் திரையில் பக்கத்துப் பெண்ணின் முகம்.
யார் முதலில் என்று தெரியாது,
தோள் மட்டும் குலுங்கச் சிரித்துவிட்டோம்.
பின்வரிசையில் ஒரு பையன் விசும்பினான்.
சிரிப்பு நின்றது.
ஆறு நிமிடமோ, பத்தோ,
கடிகாரங்கள் வாசலில் கிடந்தன,
நேரம் திரைக்குள் இருந்தது.

கரண்ட் வந்ததும்
நொடிகள் விட்ட இடத்திலிருந்து இறங்கின.
பச்சைகள் பச்சையாகவே இருந்தன.
நான்தான் விட்ட இடத்தில் இல்லை.

முடிவில் ஊதாவில் பதினொன்று.
பதினொன்றிலும் ஒரு விடையைத் தொட்டு வைத்திருந்தேன்.
அதை எண்ணுவார்களா, மாட்டார்களா?
விதிமுறைப் பக்கத்தில் இருந்திருக்கும்.
அதை நான் "படித்துவிட்டேன்" என்று
ஒரு கட்டத்தைத் தட்டிவிட்டுக் கடந்து வந்தவள்.
கை தூக்கினேன்.
அவர் வந்து சேர்வதற்குள்
திரை நன்றி சொல்லி மூடிக்கொண்டது.

வெளியே, அம்மா என் இரண்டு கைகளையும்
மடித்துப் பைக்குள் வைத்திருந்தாள்.
பக்கத்துப் பெண்ணுக்குத் தேவகோட்டை. பேர் சகாய டிலானி.
"எண்ணுவாங்க" என்றாள்.
"எண்ண மாட்டாங்க" என்றான் அவள் அண்ணன்.
ஒரே பைக்கில் ஏறி
சண்டை போட்டபடியே போனார்கள்.

ராத்திரி நாற்பது பாக்கெட் பாக்கி.
கம்பி சூடேறியது.
வலக்கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு
இடது விரலால் அழுத்தினேன்.
கோணிக்கொண்டு ஒட்டியது.
அம்மா பார்த்தாள்.
கோணலானவற்றை மட்டும் எடுத்து
ஒரு ஓரமாக அடுக்கினாள்,
பிறகு பார்க்கலாம் என்று.