நான்காம் படி

மோர்வெல்லில் காலை பத்து மணி.
பழைய ஹீட்டர்க் கம்பிபோல்
சிவந்திருக்கிறது சூரியன், சுடவில்லை.
காடு எரியத் தொடங்கி இன்று ஐந்தாம் நாள்.
கூரையில் பதினெட்டுச் சோலார் தகடுகள்;
சுவர்ப்பெட்டி காட்டுவது
சைபர் தசம் மூன்று.

"பாத்தீரே" என்கிறார் குகதாசன்,
இருபத்திரண்டு வருடம்
நிலக்கரி உலைக்குத் தீனி போட்டவர்.
வெற்றியில்லை அந்தக் குரலில்.
அடுத்த மாதம் உலையை மூடுகிறார்கள்.
காற்றாலைப் பயிற்சிக்குப் பெயர் கொடுத்திருக்கிறார்,
ஏணியின் மூன்றாம் படியிலேயே
கால் நடுங்கும் மனிதர்.

யன்னலிடுக்கில் ஈரத்துணி செருகுகிறேன்.
தகடுகளில் சாம்பல். கழுவ வேண்டும்.
தண்ணீருக்கும் கட்டுப்பாடு.
பாத்திரம் கழுவிய நீரை வாளியில் அள்ளி
அவர்தான் ஏணியைச் சாத்துகிறார்.

நான்காம் படி.
கீழே பிடித்திருக்கிறேன்.
இருவரும் இருமுகிறோம்,
ஏணியும் சேர்ந்து ஆடுகிறது.