மூன்று மீட்டர் சேறு

குழாயை இறக்குகிறோம்.
மோட்டார் உறும, படகு நடுங்க
டெல்ஃபினாவின் காபி அவள் கையுறைமேல் சிந்துகிறது.
பஸ்ஸாயிக் ஆறு கேட்டதைத் தருகிறது:
மூன்று மீட்டர் சேறு, ஒரே உருளையாக.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
அளக்காமல் போட்டதை அளப்பது
எங்கள் பிழைப்பு.

நீளவாக்கில் அறுத்துத் திறந்தால்
மேலே பழுப்பு, போன வருடத்து மழை,
சைக்கிள் டயரின் துணுக்கு,
இன்னும் இலையாகவே இருக்கிற ஓர் இலை.
ஒரு முழம் கீழே சாம்பல் நிறம்.
அதற்கும் கீழே கறுப்பு.
வெயில் பட்டதும் அதில் ஒரு வானவில் நெளிகிறது.
அறுபத்தெட்டு, என்கிறாள் டெல்ஃபினா
ஒயின் பாட்டிலின் வயதைச் சொல்கிற மாதிரி.

அந்த வருடம்தான் அவள் அப்பா
களைக்கொல்லி ஆலையில் இரண்டாம் ஷிப்டில் சேர்ந்தாராம்.
காலி பீப்பாய் ஒன்றை வீட்டுக்கு உருட்டி வந்து
பாதியாக வெட்டித் தக்காளி நட்டாராம்.
நல்ல தக்காளி, என்கிறாள்.
பிறகு எதுவும் சொல்லவில்லை.
ஜாடி பதினேழு. மூடியை இறுக்கு. ஐஸ் பெட்டி.

சனிக்கிழமைகளில் கரையில் ஒரு மேசை போடுவோம்.
ஆற்று மீனைக் கொடுத்தால்
எடைக்கு எடை, தொட்டியில் வளர்த்த திலாப்பியா.
ஐந்து மொழியில் 'உண்ணாதீர்' என்கிற பலகையின் நிழலில்தான்
எவரிஸ்டோவின் மடக்கு நாற்காலி.
கெண்டையைத் தருவார், நண்டைத் தருவார்,
விலாங்கை மட்டும் தரமாட்டார்.

"இதில் கொழுப்பு இருக்கிறது.
உங்கள் மீனில் என்ன இருக்கிறது?"

கொழுப்பில்தான் அது குடியிருக்கிறது,
கழுவினால் போகாது, கொதித்தாலும் போகாது
என்று சொல்வது என் வேலை.
சொன்னேன்.
"எனக்கு எழுபத்தொன்பது.
எது முந்துகிறதென்று பார்ப்போம்."
சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, வந்திருக்கக் கூடாது.

படிவத்தில் நான்காவது கேள்வி:
வீட்டில் வேறு யார் சாப்பிடுகிறார்கள்?

வாளிக்குள் விலாங்கு ஒரு சுற்றுச் சுற்றியது.
நடுக்கடலில் பிறந்து
கண்ணாடி இழைபோல இந்த முகத்துவாரத்தில் நுழைந்தது,
இங்கே தின்று இங்கே தடித்தது.
பாலத்தின்மேல் ஒரு ரயில் போய் முடிந்தது.

"மருமகள்," என்றார்.
"ஏழாம் மாதம்."

நான் பேனாவை மூடவில்லை, எழுதவும் இல்லை.
அவரே எழுந்து வந்து
விலாங்கைத் தராசில் வைத்தார்.
ஒரு கிலோ முந்நூறு.
பதிலுக்கு மூன்று திலாப்பியா,
உறைந்தவை, பைக்குள் செங்கல்போல மோதிக்கொண்டன.
தக்காளி போட்டுச் செய்யுங்கள் என்றாள் டெல்ஃபினா,
சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

விலாங்கு இப்போது அலுமினியத் தாளில், எண் நாற்பத்திரண்டு.
திங்களன்று அதையும் நீளவாக்கில் அறுப்பார்கள்.
அதற்குள்ளும் எங்கோ இருக்கும் அறுபத்தெட்டு.

எவரிஸ்டோ வாளியை எடுத்துக்கொண்டு
படியிறங்கிப் போனார்.
மிச்சத் தண்ணீரை ஆற்றிலேயே ஊற்றினார்,
குனிந்து, மெதுவாக,
கால்சட்டையில் ஒரு துளி தெறிக்காமல்.