ஒன்றரை விரல்

மூன்று விரல் நுழைய வேண்டும் வாய்க்குள்,
நெட்டுக்குத்தாக.
தங்கேஸ்வரிக்கு ஒன்றரைதான் நுழைந்தது.

கொளப்பள்ளியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தாள்.
காதுவலி என்று நினைத்து
இரண்டு வருஷம் காதுக்குச் சொட்டு விட்டிருக்கிறாள்.
டாக்டர் ஷைனி காதுக்கு முன்னால் விரலை வைத்து
"மெல்லத் திறங்க" என்றார்.
டக்.
கூடலூர் பஸ் ஸ்டாண்டு ஹாரனுக்கு நடுவிலும்
எனக்குக் கேட்டது.

"ராத்திரி பல்லைக் கடிப்பீங்களா?"
"ஒத்தையில படுக்கிறேன். யாரு கேட்டுச் சொல்றது?"

கடைவாய்ப்பற்கள்
மஸ்டர் ஆபீஸ் படிக்கல்லாகத் தேய்ந்திருந்தன.

அளவெடுக்க நான்தான் மாவு குழைத்தேன்,
புதினா வாசனையுள்ள இளஞ்சிவப்பு மாவு.
ட்ரேயை உள்ளே வைத்து உதடு மூடப் பிடித்ததும்
என் மணிக்கட்டைப் பற்றினாள்.
கொழுந்து கிள்ளுகிற கை. விலக்க முடியவில்லை.
கண் மட்டும் ஓடியது:
சுவர், கதவு, சுவர்.
பாதியில் எடுத்துவிட்டேன். முதல் அச்சு வீண்.

கொப்பளித்துவிட்டு
துப்பும் தொட்டியைப் பார்த்தபடியே சொன்னாள்.
லயம் எரிந்த ராத்திரி. அக்கரையில். ஏழு வயசு.
தேயிலைக்குள் கானில் படுத்துக்கிடக்க
அம்மா கை அவள் வாய்மேல்.
மேலே ரோட்டில் டார்ச் லைட்டுகள்.
"கத்தக்கூடாதுல்ல. கடிச்சேன்.
எலும்பு தட்டுற வரைக்கும் கடிச்சேன்.
அம்மாவும் கத்தல."

பிறகு கப்பல், மண்டபம் கேம்ப், இந்த மலை, இந்த மழை.
பல்லைக் கடித்துக்கொண்டு இரு என்று
எல்லாரும் சொன்னார்கள், பேச்சுக்கு.
தாடை அதை நிஜமென்று எடுத்துக்கொண்டது.

இரண்டாம் முறை ட்ரேயை அவளே பிடித்துக்கொண்டாள்.
நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

நைட் கார்டு ஆயிரத்து எண்ணூறு.
சம்பளத்துக்குச் சம்பளம் முந்நூறு.
வாங்க வந்த நாளில் அலமாரியைக் காட்டி
"அது என்னுதா?" என்றாள்.
பிளாஸ்டர் தாடை. தூசி தட்டிக் கொடுத்தேன்.

தன் உள்ளங்கை ஓரத்தை
அந்தப் பற்களுக்கு நடுவே வைத்துப் பார்த்தாள்.
"அம்மா கையில கடைசி வரைக்கும் தடம் இருந்துச்சு.
நடுவுல ஒரு பல்லு எடம் விட்டு.
அப்ப எனக்கு முன்பல்லு விழுந்திருந்துச்சு."

பிளாஸ்டரில் எல்லாப் பல்லும் இருந்தது.

பேப்பரில் சுற்றி
ரெண்டரை மணி பஸ்ஸுக்கு இறங்கிவிட்டாள்.
அட்டையில் இன்றைய அளவைக் குறிக்க மறந்திருந்தேன்.
மாடிப்படியிலிருந்து கூப்பிட்டேன்.
திரும்பி, தன் விரலாலேயே அளந்து காட்டினாள்.

ஒன்றே முக்கால்.